கோயிலருகே ஒரு குன்று

 

மலை நிலத்தைக் குறிஞ்சி என்றும், அந்நிலத்திற்குரிய தெய்வம் சேயோனாகிய முருகன் என்றும் பழந்தமிழர் வகுத்தனர். முருகனின் படைவீடுகளை எண்ணும்போது, ஒன்றனை ஓர் ஊரின் பெயரால் சுட்டாமல் குன்றுதோறாடல் என்றே குறித்தனர். குன்று எதுவாயினும் அங்கே குமரன் உறைகின்றான் என்பது அதன் பொருள். கடல் கடந்து சென்ற தமிழர் இந்த எண்ணத்தையும் உடன்கொண்டு சென்றனர். பினாங்கின் தண்ணீர்மலையும் கோலாலம்பூரை அடுத்த பத்துமலையும் அதற்குச் சான்றாக நிற்கின்றன.

சிங்கப்பூர் மலைநாடு அன்று. இந்நாட்டின் மிக உயர்ந்த புக்கிட் தீமா குன்றே ஏறக்குறைய 164 மீட்டர் உயரம்தான். நகரின் நடுவே நிற்கும் ஃபோர்ட் கேனிங் குன்றோ 48 மீட்டர் அளவில் அடங்கிவிடும். ஆயினும் டேங்க் ரோட்டில் எழுந்தருளியுள்ள அருள்மிகு தெண்டாயுதபாணி திருக்கோயிலிலிருந்து சில நிமிடங்கள் நடந்தாலே அந்தக் குன்றின் அடிவாரத்தை அடைந்துவிடலாம். ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பல்லாயிரம் அன்பர்கள் காவடியும் பால்குடமும் ஏந்தி, வெயிலையும் பொருட்படுத்தாமல் இவ்விடம் வரை நடந்து வருகின்றனர். நேர்த்திக்கடன் நிறைவேறியதும் திரும்பிச் செல்கின்றனர். இத்தனை தூரம் நடந்தவர்களில் எத்தனை பேர் அருகிலுள்ள குன்றின் மீது ஒருமுறையேனும் ஏறியிருப்பர்?

இவ்வினா நடைப்பயிற்சியைப் பற்றியது மட்டுமன்று. இன்றைய தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் கேட்கும் ஒரு முக்கியமான கேள்விக்கு விடை கூறும் பொறுப்பும் இதில் அடங்கியிருக்கிறது.

பிள்ளைகளின் கேள்வி

‘நாம் இந்த நாட்டுக்கு எப்போது வந்தோம்?’ என்று பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளை கேட்கிறது. பெரியவர்கள் இருவகையாக விடை கூறுகின்றனர். ஒரு சாரார், வெள்ளையர் காலத்தில் கூலிவேலைக்கும் கைதிகளாகவும் கணக்கெழுதவும் வந்தோம், அவ்வளவே என்பர். மற்றொரு சாரார், சோழர் காலத்திலேயே இது தமிழர் ஆண்ட மண் என்று பெருமிதத்தோடு முழங்குவர். முன்னது குறைத்துக் கூறுவது. பின்னது மிகைத்துக் கூறுவது. குறைத்துச் சொன்னால் பிள்ளையின் தலை தாழ்கிறது. மிகைத்துச் சொன்னால், நாளை அப்பிள்ளை நூல்களைப் படித்து உண்மை அறியும்போது பெரியவர்கள் மீது கொண்ட நம்பிக்கை தாழ்கிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட உண்மையை இந்தக் குன்று தன் மீது தாங்கி நிற்கிறது. அதனை அறிய ஒரு மணி நேர நடை போதும்.

ஐப்பசியின் அழகு

அந்த நடைக்கு ஐப்பசி ஏற்ற காலம். மேலைநாடுகளில் இதனை இலையுதிர்காலம் என்பர். மரங்கள் பொன்னிறமாகி இலைகளை உதிர்த்து நிற்கும். சிங்கப்பூரின் மரங்களோ ஆண்டு முழுவதும் பசுமை மாறுவதில்லை. எனினும் ஐப்பசி தன் வருகையை வேறு வகையில் உணர்த்திவிடுகிறது. சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் ஒளிர்கின்றன. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் பூக்குழி இறங்குகின்றனர். பிற்பகல்களில் இடிமுழக்கத்தோடு மழை கொட்டுகிறது. தீபாவளியை ஒட்டிய அமாவாசைக்கு மறுநாள் கந்த சஷ்டி விரதம் தொடங்கி, ஆறாம் நாள் சூரசம்ஹாரத்தில் நிறைகிறது. அதிகாலையில் குன்றேறினால், முதல்நாள் மழையில் நனைந்த மண்ணின் மணமும் தழைத்த பெருமரங்களின் நிழலும் விரதம் இருந்த உடலுக்கும் உள்ளத்துக்கும் இதம் தரும்.

குன்று தந்த நீர்

டேங்க் ரோட்டின் பழைய கதையிலும் நீர்தான் முதலில் வருகிறது. அருகிலுள்ள குன்றின் ஊற்றுநீர் வந்து நிறைந்த குளம் ஒன்று அங்கிருந்ததாகவும், அதன் கரையில் அரசமரத்தடியில் வேல் ஒன்றை நட்டு மக்கள் வழிபட்டதாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அவ்வழிபாட்டைத் தொடர்ந்து, நாட்டுக்கோட்டை நகரத்தார் பெருமக்கள் 1859ஆம் ஆண்டில் திருக்கோயில் எழுப்பினர். பின்னர் அது புதுப்பித்துக் கட்டப்பெற்று 1983ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. 2014ஆம் ஆண்டில் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பெற்றது.

குன்றின் சரிவில் மற்றோர் ஊற்றும் இருந்தது. பழங்கால அரச மகளிர் நீராடிய இடம் என்பதால் பிறர் நெருங்கக் கூடாதது என்று மலாய் மக்கள் அதனை மதித்தனர். ஆங்கிலேயர் வந்த தொடக்க ஆண்டுகளில் துறைமுகக் கப்பல்களுக்கு அந்த ஊற்று குடிநீர் தந்தது. இன்று குன்றின் உச்சியில் நகருக்கான மூடிய நீர்த்தேக்கம் ஒன்று இருக்கிறது. காலங்கள் மாறினும் கீழே வாழும் மக்களுக்கு நீர் தரும் கடமையைக் குன்று விடவில்லை.

அச்சமூட்டிய குன்று

1819ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கு வந்து இறங்கியபோது இதன் பெயர் புக்கிட் லாராங்கான். தடைசெய்யப்பட்ட குன்று என்பது பொருள். முன்னாள் மன்னர்களின் அரண்மனை இருந்த இடம், அவர்களின் ஆவிகள் உலவும் இடம் என்று அஞ்சி உள்ளூர் மக்கள் மேலே செல்வதில்லை. முதல் ரெசிடெண்டாகிய ஃபார்க்குவார் மலாக்காவிலிருந்து வந்தவர்களைக் கொண்டு பீரங்கி ஒன்றை மேலே இழுத்துச் சென்று முழங்கச் செய்தார். இந்நிகழ்ச்சியை மலாய் இலக்கிய முன்னோடியாகிய முன்ஷி அப்துல்லா தம் வரலாற்று நூலில் எழுதி வைத்துள்ளார்.

இங்கே தமிழர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. முன்ஷி அப்துல்லாவின் முன்னோர் ஒருவர் ஏமன் நாட்டிலிருந்து தமிழகத்து நாகூருக்கு வந்து, அங்கேயே மணம் முடித்து வாழ்ந்தவர். அவர் வழியினரே மலாக்காவில் குடியேறினர். அப்துல்லா இளமையில் தமிழும் கற்றவர். மலாய் மொழியின் பெருமைக்குரிய ஓர் எழுத்தாளரிடம் நாகூர் மண்ணின் தொடர்பு கலந்திருக்கிறது என்றால், இத்தீவில் மக்கள் எவ்வாறு கலந்து வாழ்ந்தனர் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

1822ஆம் ஆண்டில் ஜான் கிராஃபர்டு இக்குன்றைச் சுற்றிப் பார்த்தபோது, செங்கல் அடித்தளங்களையும் பழமரங்களையும் பழைய சீன நாணயங்களையும் கண்டு குறித்துள்ளார். காடு மூடிய குன்று ஒருகாலத்தில் ஊராக இருந்தது என்பதை அவை உணர்த்தின.

பொன்னில் ஒரு திருமுகம்

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அக்குன்று பெரியதொரு செல்வத்தை வெளிப்படுத்தியது. 1928ஆம் ஆண்டில் நீர்த்தேக்கம் அமைக்க மண் தோண்டிய தொழிலாளர்கள் பொன்னணிகள் சிலவற்றைக் கண்டெடுத்தனர். அவை 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது அறிஞர் கருத்து. போர்க்காலத்தில் அவற்றுள் சில காணாமற்போயின. எஞ்சியவற்றுள் சிறந்தது ஒரு தோள்வளை. அதன் நடுவே, விழித்த கண்களோடு ஒரு முகம் புடைத்து நிற்கிறது. சாவகத்துக் கோயில்களின் வாயில் மேலே காணப்படும் காலமுகம் அது.

அம்முகத்தை அன்பர்கள் நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றனர். சுவாமிக்குப் பின்னே வளைந்து நிற்கும் திருவாசியின் உச்சியிலும், விமானத்தின் கூடுகளுக்கு மேலும், உடலின்றித் தலை மட்டும் காட்டி நிற்கும் கீர்த்திமுகம் அதுவே.

அதன் கதையைப் புராணம் கூறும். சலந்தரன் என்னும் அசுரன் செருக்குற்று, உமையம்மையைத் தனக்குத் தருமாறு கேட்க இராகுவைத் தூது அனுப்பினான். சிவபெருமானின் புருவ நடுவிலிருந்து கொடும்பசியோடு ஓர் உருவம் வெளிப்பட்டு இராகுவை விழுங்கப் பாய்ந்தது. இராகு இறைவனையே சரணடைந்தான். அடைக்கலம் புகுந்தவனை உண்ணலாகாது, பசியோ தாங்கவில்லை. உன் உடலையே உண்பாயாக என்றார் இறைவன். அது கால் தொடங்கித் தன்னையே உண்டு, இறுதியில் முகம் மட்டும் எஞ்சியது. மகிழ்ந்த பெருமான் கீர்த்திமுகம் எனப் பெயர் சூட்டித் தம் வாயிலில் இருக்கும் பேற்றை அதற்கு அளித்தார். பிறரை விழுங்கப் பாய்ந்த வேகம் தன்னைத் தானே அடக்கிக்கொண்டதால் வாயில் காக்கும் தகுதி பெற்றது. சஷ்டியில் நிகழ்வதும் இதுவே அன்றோ! சூரன் அழிக்கப்படவில்லை, செருக்கு அடங்கி, மயிலும் சேவலுமாகி முருகனின் ஊர்தியும் கொடியும் ஆனான்.

எவ்வளவு உரிமை கொண்டாடலாம்?

தோள்வளையில் உள்ள முகத்தைக் கண்டதும், அதனை அணிந்தவர் தமிழர் என்று சொல்லிவிடலாமா? சொல்லக் கூடாது. அது சாவகக் கலைமரபைச் சேர்ந்தது. பாரதத்தில் தோன்றிய சைவமும் வைணவமும் பௌத்தமும் கடல்வழியே பரவி, இப்பகுதி மக்களின் கையில் புது வடிவம் பெற்றதன் விளைவு அது. இங்கு வாழ்ந்தவர்கள் அந்த முகத்தை அறிந்திருந்தனர், மதித்து அணிந்தனர் என்பது வரைதான் அப்பொன் கூறும் சான்று.

அது சிறிய செய்தியா? சிங்கபுரம் என்னும் பெயரே வடமொழிப் பெயர். மலாய் மன்னர் வரலாறு கூறும் பழைய நூலில், பாடாங் என்னும் மலாய் வீரனோடு பலம் பார்க்கக் கலிங்க நாட்டு மல்லன் கப்பலேறி வந்த கதை இருக்கிறது. மலாய் வழக்கில் கலிங்கம் என்பது இந்தியாவின் தென்பகுதிகளையும் குறிக்கும். போட்டியில் பாடாங் தூக்கி எறிந்த பாறை ஆற்றுமுகத்தில் விழுந்தது என்பது அக்கதை. பின்னர் 1819ஆம் ஆண்டில் ஆற்றுமுகத்தில் எழுத்துப் பொறித்த பெரும்பாறை ஒன்று காணப்பட்டது. 1843ஆம் ஆண்டில் அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இன்று எஞ்சியுள்ள துண்டின் எழுத்து இன்னும் முழுமையாகப் படிக்கப்படவில்லை. அதில் சோழ மன்னரின் பட்டப்பெயராகிய பரகேசரிவர்மன் என்பதன் ஒரு பகுதி இருக்கலாம் என்று 2019ஆம் ஆண்டில் ஆய்வாளர் ஒருவர் கருத்துரைத்தார். அது ஆராயத்தக்க கருத்து. முடிந்த முடிபு அன்று.

1984ஆம் ஆண்டில் அறிஞர் ஜான் மிக்சிக் தலைமையில் குன்றின் மீது முறையான அகழ்வாய்வு தொடங்கியது. 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகளும் கண்ணாடி மணிகளும் வெளிப்பட்டன. அகழ்வாய்வு நடந்த இடத்தை இன்றும் குன்றின் மேல் காணலாம். சீனப் பீங்கானும், சாவகப் பொன்னும், பாரதத்துப் பெயரும், மலாய் அரசும் ஓரிடத்தில் கூடியிருந்தன. பலர் வந்து வணிகம் செய்து வாழ்ந்த ஊர் இது. 1819ஆம் ஆண்டுக்கு முன் இங்கு வரலாறு இல்லை என்பதும் தவறு. அந்த வரலாறு ஓர் இனத்துக்கு மட்டுமே உரியது என்பதும் தவறு.

கோட்டையும் கோயிலும்

குன்றின் மேல் உள்ள பழைய கோட்டை வாயிலில் சற்றே நிற்க வேண்டும். இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த கேனிங் பிரபுவின் பெயரால் ஆங்கிலேயர் இங்கே கோட்டை கட்டத் தொடங்கிய ஆண்டு 1859. கீழே தெண்டாயுதபாணிக்குக் கோயில் எழுந்ததும் அதே ஆண்டு. மேலே பீரங்கிகள், கீழே தண்டம் ஊன்றிய ஆண்டி. அன்று பார்த்தவர்கள் எது நிலைக்கும் என்று எண்ணியிருப்பர்?

துறைமுகத்தைக் காக்கும் வலிமை அக்கோட்டைக்கு இல்லை என்பது விரைவில் தெரிந்துவிட்டது. பீரங்கிகள் நேரம் அறிவிக்க முழங்கின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை இடிக்கப்பட்டது. வாயிலும் மதிலின் சிறு பகுதியுமே மீந்தன. அதே குன்றின் அடியில் அமைத்த நிலவறையில்தான் 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் ஜெனரல் பெர்சிவல் தம் தளபதிகளோடு கூடி, ஜப்பானியரிடம் சரணடைவதென முடிவு செய்தார். கோட்டை போயிற்று, அதனைக் கட்டிய ஆட்சியும் போயிற்று. கோயிலில் இன்றும் விளக்கு எரிகிறது. அதனைக் காத்தவை மதில்கள் அல்ல. வெள்ளி, செவ்வாய் தவறாமல் வந்து எண்ணெய் ஊற்றிய கைகளே.

இறங்கும் வழி

குன்றின் மறுபுறம் இறங்கும் வழியில் பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் உள்ளது. 1865ஆம் ஆண்டு வரை அங்கே அடக்கம் செய்யப்பட்டவர்களின் கல்வெட்டுகள் சுவர்களில் பதிக்கப்பட்டுள்ளன. சரிவின் மற்றோரிடத்தில் இஸ்கந்தர் ஷா மன்னரின் நினைவிடமாகப் போற்றப்படும் கிராமாட் இருக்கிறது. அவ்விடங்களில் உரக்கப் பேசாமல் கடந்து செல்வது பண்பு.

குன்றுக்குக் கீழே, பிராஸ் பசா பகுதியில் இந்தியக் கைதிகளின் சிறைக்கூடம் இருந்தது. 1825ஆம் ஆண்டு முதல் 1873ஆம் ஆண்டு வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் இந்நகரின் சாலைகளையும் கட்டடங்களையும் அமைத்தனர். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் உழைப்பால் எழுந்தது. சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் தேங்காய் நார் ஊறிய நீரும் சேர்த்துக் குழைத்த சென்னைச் சாந்து அதன் சுவர்களுக்குப் பூசப்பட்டது. அக்கைதிகளில் பலர் தண்டனை முடிந்தபின் இங்கேயே குடும்பம் அமைத்து வாழ்ந்தனர். 1819ஆம் ஆண்டில் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்து செங்கல் சூளை வைத்து, மாரியம்மன் கோயில் அமையக் காரணமாக இருந்த நாராயண பிள்ளையைப் பெருமையோடு நினைப்பவர்கள், பெயர் தெரியாத இந்தக் கைகளையும் நினைக்கக் கூச்சப்படக் கூடாது. வணிகர் வந்ததும் வரலாறு. விலங்கோடு வந்தவர் ஒரு நகரைக் கட்டியதும் வரலாறு.

வழி முடியும் இடம் ஸ்டாம்ஃபர்ட் சாலையிலுள்ள தேசிய அரும்பொருளகம். அங்கேதான் அந்தப் பொன் தோள்வளையும் எழுத்துப் பாறையின் துண்டும் இருக்கின்றன. திருவாசியில் காலையில் வணங்கிய முகத்தை, குன்றைக் கடந்துபோய் நண்பகலுக்குள் பொன்னில் மீண்டும் காணலாம். நடந்து வந்த பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

சஷ்டி விழா நிறைவுற்றுத் திருக்கல்யாணமும் முடிந்தபின் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தாத்தா பாட்டியரும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து இந்நடையை மேற்கொள்ளலாம். கோயிலில் வழிபட்டு, ஃபோர்ட் கேனிங் பெருவிரைவு ரயில் நிலையம் இருக்கும் பக்கமாக ஏறலாம். மழைக்காலப் படிகள் வழுக்கும். ஆகவே நல்ல காலணியும் குடையும் குடிநீரும் தேவை. முழங்கால் வலி உள்ளவர்கள் ஆங்காங்கே அமர்ந்து செல்லலாம். குன்று எங்கும் போய்விடாது.

வழியில் பிள்ளை மீண்டும் அதே கேள்வியைக் கேட்கும். அப்போது பெரியவர்கள் சொல்லத்தக்க விடை இது: ‘நம் நாட்டிலிருந்து பெயர்களும் கதைகளும் தெய்வ வடிவங்களும் மிகப் பழங்காலத்திலேயே இங்கு வந்தன. நம் குடும்பங்கள் பின்னர் வந்தன. நாம் மட்டும் வரவில்லை; எல்லாரும் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து உழைத்தார்கள்.’ இதில் தாழ்வும் இல்லை, செருக்கும் இல்லை. தன்னை அடக்கிய முகமே வாயில் காக்கிறது என்பதை அறிந்த சமயத்தாருக்கு இவ்விடை கடினமானதன்று.

அடிவாரம் வரை காவடி சுமந்து வரத் தெரிந்த கால்கள் இன்னும் சில படிகள் ஏறட்டும். குன்றுதோறாடும் குமரனின் திருவருள் அனைவருக்கும் துணை நிற்பதாக!